வெறும் வேர்

முதல் வண்டியில் வந்திறங்கிவிடுவாள் புஜ்ஜம்மா.
கொருக்குப்பேட்டை நடைமேடையின் கடைசியில்
குழாய் ஒழுகும் இடமாகப் பார்த்து
ஈரச்சாக்கைப் பிரிப்பாள்.
கூடூர்ப் பக்கத்து எலுமிச்சைக் கன்றுகள், நாற்பது.
தொட்டி இல்லை, பை இல்லை,
ஒரு சிட்டிகை மண்ணும் இல்லை.
மறைக்க ஒன்றுமில்லாத வேர்.

நான் ராவேலை முடித்து வருகிறவன்.
யார்டில் நிற்கும் சரக்கு வண்டிகளின் சக்கரங்களைச்
சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்பது என் பிழைப்பு.
நல்ல சக்கரம் கணீரென்று பதில் சொல்லும்.
விரிசல் கண்டது
'டொக்' என்று பேச்சை முடித்துக்கொள்ளும்.

கன்றைத் தட்ட முடியாது.
நகத்தால் பட்டையை லேசாகக் கீறினேன்.
உள்ளே பச்சை, ஈரம்.
"எல்லாத்தையும் கீறாத சார்,
மத்தவங்க வாங்கணும்."

முதலில் கை போனது
தலைநிறைய இலை வைத்திருந்த ஒன்றின் மேல்.
கீழே பார்த்தால் மூன்றே மூன்று நரம்பு.
வாடகை வீட்டுக்கு ஏசி மாட்டினவன்போல் இருந்தது.
வைத்துவிட்டேன்.
அடுத்ததன் ஆணிவேர் தூண்டில் முள்ளாய்
மேலே பார்த்து வளைந்திருந்தது.
அவசரத்தில் எந்தக் கையோ மடித்து நட்டிருக்கிறது.
இன்றைக்குத் தெரியாது,
பதினைந்து வருஷம் கழித்து ஒரு புயல் ராத்திரியில் தெரியும்.
ஒன்றில் மிளகு மிளகாக முடிச்சு.
அதை நான் சொல்லும் முன்பே
அவளே பிடுங்கித் தண்டவாளத்தில் எறிந்தாள்,
முகம் சிவந்து.

கடைசியில் மூன்று தேறின.
சுண்டுவிரல் தடிமன்.
நாலாபக்கமும் சடைசடையாய் வேர்,
முனை ஒடித்தால் வெள்ளை.
தண்டில் பழைய மண்மட்டத்தின் கறுப்பு வளையம்,
அந்த அளவுக்குத்தான் புதைக்க வேண்டும்.
முகர்ந்தேன். இலை கிள்ளாமலே எலுமிச்சை.
தண்டையார்பேட்டையில் சோடாக்கடை போட்டிருக்கும் சரோஜினி
பழம் ஒன்று பத்து ரூபாய் என்று
என்னையே குற்றவாளிபோல் பார்ப்பாள்.
இனி பார்க்க மாட்டாள்.

பணத்தை நீட்டினேன். வாங்கவில்லை.
"எங்க நடப்போற?"
"கால்வாய் ஓரம். வீட்டுக்குப் பின்னாடி.
மூணு குழி நேத்தே வெட்டிட்டேன்."
குனிந்தாள்.
என் பூட்ஸில் காய்ந்திருந்த குழிமண்ணை
நகத்தால் கீறினாள்,
நான் அவள் கன்றைக் கீறின அதே மாதிரி.
நாக்கு நுனியில் வைத்தாள். துப்பினாள்.

"ஒத்து சார்."

"என்ன ஒத்து?"

"உப்பு. எத்தன அடில தண்ணி வந்துச்சு?"

இரண்டடி. கறுப்பாக.
அதற்கு முன் செங்கல், ஒரு சேலைத்துண்டு,
நாடா உருவின கேசட்.
சொல்லவில்லை நான். அவளும் கேட்கவில்லை.
"காசு வேணாமா உனக்கு?"
"வேணும். ஆனா செத்த கன்னு
எங்க ஊரு பேரைத்தான் கெடுக்கும்."

பிளாட்பாரத்தில் கோபித்துக்கொண்டு நின்றேன்.
எண்ணூர்ப் பக்கம் போகிற மின்வண்டி ஒன்று
எங்கள் இருவர் மேலும் புழுதி போட்டுவிட்டுப் போனது.
அவள் சாக்கை நனைத்தபடி,
என்னைப் பார்க்காமலே சொன்னாள்:
தரைக்கு மேல் இடுப்புயரம் மேடு கட்டு.
வேற மண்ணு கொட்டு.
ஐப்பசி மழை உப்பைக் கழுவட்டும்.
கார்த்திகை கடைசியில வர்றேன்.

"இந்த மூணையும் எடுத்து வையேன்."
"இது காத்திருக்காது சார். வெறும் வேரு.
அப்போ வேற கன்னு, வேற நீ."

என் மூன்றையும்
மீஞ்சூரில் இறங்குகிற ஒருவர் வாங்கிப் போனார்.
ஒன்றையும் புரட்டிப் பார்க்கவில்லை அவர்.

வீடு வந்தேன். பை காலி.
செங்குன்றத்துச் செம்மண் ஒரு குட்டியானை வண்டி
என்ன விலை என்று கேட்டு,
விலையைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.
பிறகு மறுபடி கூப்பிட்டேன்.
வண்டி வருமுன்
சுத்தியலை எடுத்துக்கொண்டுபோய்க்
குழியின் விளிம்பில் ஒருமுறை தட்டினேன்,
பழக்கதோஷம்.

டொக்.